வெண்டைக்காய் ஒரு நல்ல காய்

பள்ளிப் பிள்ளைகள் சாப்பிட வேண்டும் என்ற முடிவுக்கு அரசாங்கப் பிரிவு ஒன்று 1987-ஆம் ஆண்டு வந்து சேர்ந்தது. அதுவரை பிள்ளைகள் அனுமதி இல்லாமலேயே சாப்பிட்டு வந்தார்கள்.

அந்தப் பிரிவின் பெயர் 'ஆரோக்கிய உண்ணல் மேம்பாட்டு இணைப்புப் பிரிவு'. எதை எதோடு இணைக்கிறது என்று அங்கே வேலை செய்தவர்களே கேட்டுக்கொண்டதில்லை. அங்கிருந்து எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போனது. 'ஆரம்பப் பள்ளி மாணவர்களுக்குக் கதைகள் மூலமாகவும் சமையல் மூலமாகவும் நல்ல உணவுப் பழக்கம் கற்பிக்கப்பட வேண்டும். இது உடனடியாக அமலுக்கு வருகிறது.'

தலைநகரத்துச் செந்தூலில் ரயில்வே பட்டறைக்குப் பின்னால் இருந்த சிறிய தமிழ்ப்பள்ளிக்கும் அது வந்தது. தலைமையாசிரியர் சீவரத்தினம் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர். அப்பாவும் அரசாங்க உத்தியோகம், தாத்தாவும் அரசாங்க உத்தியோகம். ஆகையால் மேலிடத்துக் கடிதத்தைக் கண்டால் பயப்பட வேண்டும் என்பது அவருக்கு இரத்தத்திலேயே இருந்தது. அவர் எழுந்து நின்றுகொண்டு சுற்றறிக்கையைப் படித்தார். பிறகு, இரண்டாம் ஆண்டு வகுப்பாசிரியை குணபூசணியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உங்களுக்குச் சமைக்கத் தெரியுந்தானே?"

"ஓம் சார்."

"கதை சொல்லத் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப நீங்கள்தான் நிபுணர்," என்று சுற்றறிக்கையை அவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார். குணபூசணி இவ்வாறு நிபுணரானார்.

மற்றவர்களாக இருந்தால் சுற்றறிக்கையைக் கோப்பில் போட்டு, கோப்பை அலமாரியில் போட்டு, அலமாரியைப் பூட்டியிருப்பார்கள். குணபூசணியிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சொன்ன வேலையைச் செய்துவிடுவார். இன்னொரு காரணமும் உண்டு. அவர் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் காலையில் எதுவும் சாப்பிடாமல்தான் வருவார்கள். முதல் வரிசையில் தனலெட்சுமி என்று ஒரு சிறுமி. அம்மா பவுனம்மாள் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு கிளம்பிவிடுவாள். அப்பா பட்டறையில் வேலை. தனலெட்சுமி பள்ளிக்கு வரும் வழியில் பிளாஸ்டிக் பையில் கட்டிய சிவப்புக் கலர் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே வருவாள். அதுதான் காலை உணவு. முதல் மணி நேரம் உற்சாகமாக இருப்பாள். கணக்குப் பாடம் வரும்போது மேசையில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். அவள் நாக்கு மட்டும் நாள் முழுவதும் சிவப்பாக இருக்கும்.

குணபூசணி வீட்டிலிருந்து மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து பழைய சாமான் அறையில் வைத்தார். பாசாரிலிருந்து வெண்டைக்காய் வாங்கி வந்தார். பிள்ளைகள் அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்கள்.

"ஐயே, கொழகொழன்னு இருக்கும் டீச்சர்!"

"கொழகொழன்னு இருக்கிறதாலதான் அது பிழைச்சுது. கதை கேக்கிறீங்களா?"

கதை இப்படிப் போனது. பாசாரில் ஒரு வெண்டைக்காய் இருந்தது. அதை யாரும் வாங்கவில்லை. கோபித்துக்கொண்டு கூடையிலிருந்து குதித்து பஸ்ஸில் ஏறியது. கண்டக்டர் பிடிக்கப் பார்த்தார், கையிலிருந்து வழுக்கிப் போய்விட்டது. டிக்கெட் எடுக்காமலே செந்தூல் வந்து சேர்ந்தது. அங்கே ஒரு பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். என்னடா என்று கேட்டால், வயிற்றுக்குள்ளே சில பேர் குந்திக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறார்களாம். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வெண்டைக்காய் அவன் வாய்க்குள் குதித்து, சர்ரென்று வழுக்கிக்கொண்டு போய், குந்தியிருந்தவர்களையெல்லாம் பின்வாசல் வழியாக வெளியேற்றிவிட்டது.

பிள்ளைகள் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து வெண்டைக்காயைக் கழுவித் துடைத்தார்கள், நறுக்கினார்கள். குணபூசணி வெங்காயத்தோடு சேர்த்து மொறுமொறுவென்று வதக்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றோடு தட்டில் போட்டார். சட்டியில் ஒரு துண்டு மிஞ்சவில்லை. தனலெட்சுமி தட்டை வழித்து நக்கிவிட்டு, "டீச்சர், அந்த வெண்டைக்காய் நாளைக்கு எந்த பஸ்ல வரும்?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு வாரந்தோறும் சமையல் நடந்தது. கங்கோங் கீரை வந்தது, பூசணிக்காய் வந்தது, அவற்றின் வீரதீரங்களும் வந்தன. கணக்குப் பாடத்தின்போது மேசையில் சாயும் தலைகள் குறைந்தன. ஒரு நாள் பவுனம்மாள் பள்ளி வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், என்னா மந்திரம் போட்டீங்க? கீரை ஆக்கு, கீரை ஆக்குன்னு உயிர வாங்குறா லா. வீட்டுல நாங்க யாருமே கீரை திங்கிறதில்ல. இப்ப நான் எங்க போவேன்?"

திட்டம் வெற்றி பெற்றுவிட்டது. இப்படி ஓர் ஆபத்து ஏற்படும் என்று சுற்றறிக்கை எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை. செய்தி மேலே போனது. உடனே இணைப்புப் பிரிவிலிருந்து அதிகாரி சபாபதி நேரில் வந்தார்.

சபாபதி நல்ல மனிதர். கழுத்தில் டை, சட்டைப்பையில் மூன்று பேனா. அந்தக் காலத்தில் நகரத்தில் புதிதாகப் பரவியிருந்த நார்ச்சத்து மோகத்தில் அவரும் அகப்பட்டிருந்தார். எதைச் சாப்பிட்டாலும் "இதுல ஃபைபர் இருக்கா?" என்று கேட்பார். இருக்கிறது என்றால் சாப்பிடுவார். இல்லை என்றால் வருத்தத்தோடு சாப்பிடுவார்.

அவர் சாமான் அறைக்குள் நுழைந்தார். அடுப்பைப் பார்த்தார்.

"டீச்சர், இது என்னாது?"

"அடுப்பு சார்."

"எரியுதே!"

"அடுப்பெண்டா எரியுந்தானே சார்."

"பிள்ளைங்க இருக்கிற எடத்துல எரியலாமா? சேஃப்டி என்ன ஆவுறது?"

"எரியாட்டிச் சமைக்க ஏலாது சார்."

"சமைக்கச் சொல்லி யாரு சொன்னது?"

"நீங்கள்தான். சுற்றறிக்கையில."

சபாபதி புன்னகை செய்தார். சுற்றறிக்கையை அவரே எழுதியிருந்தார். "நல்லா படிச்சுப் பாருங்க டீச்சர். சமையல் மூலமா கற்பிக்கணும்னு இருக்கு. சமைக்கணும்னு எங்கியாச்சும் இருக்கா?"

குணபூசணி யோசித்துப் பார்த்தார். இல்லைதான்.

"அப்புறம் கத்தி. கத்தி கூடவே கூடாது. ரூலரால வெட்டுங்க. அப்புறம் முக்கியமான விஷயம், பிள்ளைங்க இதெல்லாம் சாப்புடுறாங்கன்னு கேள்விப்பட்டேன். உண்மையா?"

"ஓம் சார். அதுக்குத்தானே..."

"சாப்பிட்டா வயித்து வலி வரலாம். வந்தா யாரு பொறுப்பு? சாப்பிடலைன்னா நம்ம மேல ஒரு பிரச்சினையும் இல்ல."

"பட்டினி கிடந்தாலும் வயித்து வலி வரும் சார்."

"அது வேற இலாகா," என்றார் சபாபதி.

பிறகு கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிள்ளைகளே கோரஸாகச் சொன்னார்கள். வெண்டைக்காய் டிக்கெட் எடுக்காமல் போன இடத்திலேயே அவர் முகம் சுருங்கியது. வயிற்றில் குந்தியிருந்தவர்களை வெளியேற்றிய கட்டம் வந்ததும் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர், டிக்கெட் எடுக்காம பஸ்ல போறது குற்றம். அதையாச்சும் சமாளிக்கலாம். வெளியேத்துறது இருக்கே, அது ரொம்ப சென்சிடிவ். பொறம்போக்குல குந்தியிருக்கிற கம்பத்து வீடுங்களை ஒடைக்கிறதப் பத்தி ஏற்கெனவே சனங்க கோவமா இருக்காங்க. இதுல நீங்க குந்தியிருக்கிறவங்களை வெளியேத்துறேன்னு சொன்னா, அரசாங்கத்தச் சொல்ற மாதிரி ஆயிடும் லா."

"இது மலச்சிக்கல் சார்."

"நமக்குத் தெரியுது. வெளியில இருக்கிறவங்களுக்குத் தெரியணுமே?"

ஒரு வாரத்தில் திருத்திய கதை வந்து சேர்ந்தது. அதை ஒரு குழு கூடி எழுதியிருந்தது. 'வெண்டைக்காய் ஒரு நல்ல காய். அதில் சத்து உண்டு. அதனை அனைவரும் உண்போமாக.'

குணபூசணி அதை வகுப்பில் வாசித்தார். பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

"அப்புறம் டீச்சர்?"

"அவ்வளவுதான்."

"பஸ்?"

"பஸ் இல்லை."

பிள்ளைகள் துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள்.

கதையோடு ஒரு பெட்டியும் வந்திருந்தது. அதற்குள் பிளாஸ்டிக் காய்கறிகள். கேரட், தக்காளி, கத்தரிக்காய், வெண்டைக்காய், எல்லாம் தோட்டத்தில் இப்போதுதான் பறித்ததுபோல் பளபளவென்று இருந்தன. கூடவே எரியாத அடுப்பு ஒன்று. நெருப்பு வர வேண்டிய இடத்தில் சிவப்பு நிறத்தில் நெருப்பு வரைந்திருந்தது. பிள்ளைகள் பிளாஸ்டிக் வெண்டைக்காயைக் கழுவினார்கள், ரூலரால் வெட்டுவதுபோல் காட்டினார்கள், வரைந்த நெருப்பில் வதக்கினார்கள், தட்டில் வைத்து எல்லாருக்கும் காட்டினார்கள், திரும்பப் பெட்டியில் வைத்தார்கள். ஒருவருக்கும் வயிற்று வலி வரவில்லை. தனலெட்சுமி மறுபடியும் கணக்குப் பாடத்தில் மேசையில் சாய ஆரம்பித்தாள்.

குணபூசணி தலைமையாசிரியரிடம் போனார்.

"சார், பிள்ளைகள் பசியோட இருக்குதுகள். ஒரு நாளைக்காவது அடுப்பை எடுக்க விடுங்கோ."

சீவரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் மனது இருந்தது. அதற்கு மேல் கோட்டு இருந்தது. "பிள்ளை, நான் வருஷக் கடைசியில ஓய்வு பெறப் போறன். என்னை அந்த அடுப்பில தூக்கிப் போடாதேங்கோ. கொஞ்சம் பொறுங்கோ. பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில பெரிய விழா வருகுது. டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுசர் ஒருத்தர் வாறார். எங்கட பிள்ளைகள்தான் செய்து காட்டப் போகினம். அவருக்குப் பிடிச்சுதெண்டால் பள்ளிக்கு உண்மையான சமையலறையே கட்டித் தருவாரெண்டு சபாபதி சொல்லியிருக்கிறார்."

உண்மையான சமையலறை. குழாய், எரிவாயு அடுப்பு, ஜன்னல். குணபூசணி அந்த ஜன்னலை நினைத்துக்கொண்டே பிள்ளைகளைப் பயிற்றுவித்தார். பிளாஸ்டிக் காய்களை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தால் படத்தில் நன்றாக விழும் என்பதுவரை அவர்களுக்குப் பாடமானது.

விழா நாளன்று பிள்ளைகள் காலையிலேயே மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். தலையில் கேரட் வடிவத் தொப்பி. வழக்கம்போல வெறும் வயிறு. டத்தோ வரத் தாமதமானது. வேறொரு விழாவில் அவருக்கு விருந்து நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் தொப்பியைக் கழற்றாமல் நின்றார்கள். மதியம் நெருங்கும்போது டத்தோ மனைவியோடு வந்து சேர்ந்தார். மாலைகள் விழுந்தன, உரைகள் நடந்தன. 'எதிர்கால சந்ததியின் குடல்நலமே நாட்டின் நலம்' என்று சபாபதி பேசியபோது பெரிய கைதட்டல் எழுந்தது.

பிறகு பிள்ளைகள் செய்து காட்டினார்கள். கழுவி, வெட்டி, வதக்கி, தட்டில் வைத்தார்கள். தனலெட்சுமி தட்டைத் தூக்கி, "வெண்டைக்காய் ஒரு நல்ல காய். அதில் சத்து உண்டு. அதனை அனைவரும் உண்போமாக!" என்று கணீரென்று சொன்னாள்.

"டத்தோ, சாப்புடுற மாதிரி ஒரு போட்டோ," என்றார் பத்திரிகைக்காரர்.

டத்தோ தட்டிலிருந்து ஒரு வெண்டைக்காயை எடுத்தார்.

"அங்கிள், அது..." என்று தனலெட்சுமி ஆரம்பித்தாள்.

"உஸ்! டத்தோ எண்டு சொல்லு," என்றார் சீவரத்தினம்.

டத்தோ கடித்தார். கேமரா மின்னியது. மண்டபம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. டத்தோவின் தாடை ஒரு கணம் நின்றது. பிளாஸ்டிக் என்று சொன்னால் அதைக் கடித்தவர் யார் என்ற கேள்வி வரும். துப்பலாம் என்றால் எதிரே பத்திரிகைக்காரர். பொதுவாழ்வில் எத்தனையோ விஷயங்களை விழுங்கிப் பழகியவர் அவர். மெதுவாக மென்றார். முடிந்த அளவு விழுங்கினார்.

"நல்லா... உறுதியா இருக்கு," என்றார். "ஃபைபர் ரொம்ப அதிகம்."

மண்டபம் கைதட்டியது. டத்தோ கடித்ததை மற்ற பிரமுகர்கள் கடிக்காமல் இருக்க முடியுமா? ஒருவர் பின் ஒருவராக வந்து தட்டில் கை வைத்தார்கள். கறக் கறக்கென்று மேடை முழுவதும் சத்தம் கேட்டது. ஒருவர் தக்காளியைப் பாராட்டினார். இன்னொருவர் கேரட் இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம் என்று கருத்துச் சொன்னார். அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்த சபாபதியே ஒரு கத்தரிக்காயை எடுத்துக் கடித்து, "ரொம்ப ஃப்ரெஷ் டத்தோ," என்றார். அவர் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்தவர்கள் அதைப் பெருமிதக் கண்ணீர் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

டத்தோவின் மனைவி மட்டும் குணபூசணியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "டீச்சர், இது எப்படிப் பண்ணினீங்க?"

"சோப்புத் தண்ணியில கழுவித் துடைச்சு வைச்சாப் போதும், டத்தின்."

"எண்ணெயே இல்லையா! டத்தோவுக்கு டாக்டர் அதைத்தான் சொல்லியிருக்காரு."

டத்தோ மறுபடி ஒலிபெருக்கியைப் பிடித்தார். இந்தப் பிள்ளைகளின் சமையல் தம் மனத்தைத் தொட்டுவிட்டதாகவும், தொட்டது இன்னும் அங்கேயே இருப்பதாகவும் சொன்னார். இந்தப் பள்ளிக்கு மாபெரும் பரிசு ஒன்றை அறிவித்தார். குணபூசணி ஜன்னலை நினைத்துக்கொண்டார்.

பரிசு, கண்ணாடி அலமாரி ஒன்று. காய்கறிகளை வைத்துப் பூட்டிக்கொள்ளலாம்.

பிரமுகர்கள் பக்கத்து அறைக்கு விருந்துக்குப் போனார்கள். நாசி பிரியாணி, ஆட்டிறைச்சி, பொரித்த கோழி. ஆரோக்கிய உண்ணல் பற்றிப் பேசிப் பேசி எல்லாருக்கும் நல்ல பசி. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்தால் மிட்டாயும் ஒரு பாக்கெட் சிவப்புக் கலர் பானமும். சீவரத்தினத்துக்கு விருந்தில் இடம் இல்லை. தலைமையாசிரியர்களுக்கு நாற்காலி போட மறந்துவிட்டார்களாம். அவர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

குணபூசணி பொட்டலங்களை வாங்கி ஓரமாக வைத்தார். "வாங்க," என்றார். பிள்ளைகள் வரிசையாக அவர் பின்னால் நடந்தார்கள். சீவரத்தினமும் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டார்.

அடுத்த தெருவில் கௌஸ் பாய் சாப்பாட்டுக்கடை. கேரட் தொப்பிகளோடு ஒரு கூட்டம் உள்ளே வருவதைப் பார்த்துக் கடைக்காரர் கௌஸ் எழுந்து நின்றார்.

"உக்காருங்க, உக்காருங்க. பிள்ளைங்க மொகமெல்லாம் வாடிப்போயி இருக்கே. என்னா வேணும் கண்ணுங்களா? கோழி இருக்கு, முட்டை இருக்கு..."

"வெண்டைக்காய்!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள்.

கௌஸ் பயந்துவிட்டார். "டீச்சர், இவ்வளவு காலமா கடை நடத்துறேன். சின்னப் பிள்ளை வெண்டைக்காய் கேட்டு இன்னிக்குத்தான் பாக்குறேன். இதெல்லாம் எந்த ஸ்கூல்ல சொல்லித் தர்றாங்க?"

குணபூசணிக்கு அன்றைய தினத்தின் களைப்பெல்லாம் ஒரு நொடியில் போய்விட்டது. இலை போட்டுச் சோறு வந்தது, குழம்பு வந்தது, வெண்டைக்காய்ப் பொரியல் வந்தது. பிள்ளைகள் இலையைப் பார்த்தார்கள். யாரும் கை வைக்கவில்லை. தனலெட்சுமி ஒரு துண்டை எடுத்து, படத்தில் நன்றாக விழும் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"டீச்சர், இது திங்கிறதா, காட்டுறதா?"

"திங்கிறதுதான்மா. சாப்பிடுங்க."

அவ்வளவுதான். இலைகளில் மழை பெய்ததுபோல் சத்தம். இரண்டாம் முறை கேட்டார்கள், மூன்றாம் முறையும் கேட்டார்கள். கௌஸ் வாளியோடு ஓடிக்கொண்டே இருந்தார். தனலெட்சுமி வாய் நிறைய மென்றுகொண்டே அக்கம்பக்கம் பார்த்தாள். எதிரே தலைமையாசிரியர் இலை. கோழியின் எலும்புகள் ஒரு பக்கம். இலையின் ஓரத்தில், தொடாமல், ஒழுங்காகக் குவித்த வெண்டைக்காய்.

"சார், அது காட்டுறதா?"

சீவரத்தினம் இருமினார். "எனக்கு வயசு போயிட்டுது, பிள்ளை. இனி எனக்கு எதுக்குச் சத்து? நீங்கள் வளருற பிள்ளைகள்."

அது நியாயமாகத்தான் பட்டது. தனலெட்சுமி டீச்சரின் இலையைத் திரும்பிப் பார்த்தாள். மீன் குழம்பு, சோறு, அப்பளம். வெண்டைக்காய் கறிவேப்பிலையோடு சேர்ந்து ஒரு மூலையில் கிடந்தது, மேலே அரை அப்பளம் போட்டு மூடி.

"டீச்சர் ஏன் சாப்புடல?"

குணபூசணி அப்பளத்தை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினார். அந்தக் கொழகொழப்பு சிறு வயதிலிருந்தே அவருக்கு ஆகாது. இத்தனை நாளும் யாரும் கேட்டதில்லை.

"நான் சொல்லிக்குடுக்கிற ஆள்தானேம்மா," என்றார்.

தனலெட்சுமி புரிந்ததுபோல் தலையாட்டினாள். பிறகு தன் இலையில் மீதியிருந்த வெண்டைக்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் அழகாக ஒதுக்கி வைத்தாள்.

"என்னம்மா, வயிறு நிறைஞ்சிட்டுதா?"

"இல்ல டீச்சர். பெரியவளானதும் நானும் டீச்சராத்தான் ஆவப்போறேன்."